அழாத அறை

எங்கள் இல்லத்தில் மூன்று அறைகள். தொட்டில் அறை, தவழும் அறை, நடை அறை. பேரைக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன குழந்தை முதலில் தொட்டில் அறைக்கு வரும். நடக்கத் தொடங்கியதும் நடை அறைக்கு மாறும். தானாகச் சாப்பிட்டு, தானாகக் கழிப்பறைக்குப் போய், நாலு வார்த்தை சேர்த்துப் பேசும்வரை அங்கேதான். அந்த அறை பெரியக்காவின் கையில் இருந்தது. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது ஞாபகம் இல்லை. இல்லத்தை நடத்துகிற மேடம்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் சமையல்காரி. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நடை அறையின் வாசல். அதனால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, பெரியக்கா என் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியக்கா நல்லவள். கெட்டவள் ஒருத்தி செய்திருந்தால் வாய் வலிக்கத் திட்டிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போயிருப்பேன். நல்லவள் ஒருத்தி, நல்லது என்று நம்பி, வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்ததை என்னவென்று சொல்வது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பெரியக்காவின் அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போனவர். மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனபோது அவளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. "வாசப்படியில நின்னு அழுதுக்கிட்டே இருப்பேனாம். மூச்சு நின்னு உதடு நீலமாயிடுமாம். சித்தி முதுகுல ரெண்டு போட்டாதான் மூச்சு திரும்புமாம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கிற விஷயமா அது? ஒரு நாள் அந்த அழுகை தானாக நின்றுபோயிற்று. அடுத்த முறை அம்மா ஊருக்கு வந்தபோது, இவள் ஏறிட்டுப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் தனக்கு நிம்மதி வந்தது என்று பெரியக்கா நம்பினாள். பின்னால் நடந்ததெல்லாம் அந்த நம்பிக்கையில் முளைத்தது.

வளர்ந்து, துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். கல்யாணம் ஆயிற்று. வேலை தேடிக்கொண்டு போன புருஷன் வேலையோடு இன்னொருத்தியையும் தேடிக்கொண்டான். அதற்கும் அவள் அழவில்லை. தம்பி வீட்டில் பின்பக்கத்து அறையில் பெட்டியை வைத்துவிட்டு, எங்கள் இல்லத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள். தரை துடைத்தவள் குழந்தைகளைத் துடைக்கப் போனாள். பிறகு பயிற்சிக்கு அனுப்பினார்கள். கடைசியில் நடை அறையே அவளுடையது ஆயிற்று.

அவள் வருவதற்கு முன் அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலை ஷிஃப்ட் முடிந்து பெண்கள் ஏப்ரனைக் கழற்றினால் போதும், ஊரே கூடிவிடுகிற மாதிரி ஒரு ஓலம். ஒன்று காலைக் கட்டிக்கொள்ளும். ஒன்று வாசலில் குறுக்கே படுத்துவிடும். ஒன்று சுவரில் தலையை முட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் சமையலறை வழியாகத் திருடர்கள் போல நழுவுவார்கள். மத்தியான ஷிஃப்ட்காரிகள் வந்து சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிடும். அப்போது மறுபடியும் அதே கூத்து. பெரியக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. குழந்தை அழுதால் அவள் தன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

"இதுங்க ஒவ்வொருத்தர் போறப்பவும் செத்துச் செத்துப் பிழைக்குது. யாரும் போகாம இருக்க முடியாது. அப்ப அழாம இருக்கத்தானே சொல்லிக் கொடுக்கணும்?" என்றாள் என்னிடம். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

சொல்லிக் கொடுத்தாள். எந்தக் குழந்தையும் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளக் கூடாது. நேற்று குளிப்பாட்டியவள் இன்று ஊட்டக் கூடாது. இன்று ஊட்டியவள் நாளை தூங்க வைக்கக் கூடாது. ஒரு குழந்தை குறிப்பாக ஒருத்தியைத் தேடிக் கை தூக்கினால், அவளைத் தவிர வேறு யாராவதுதான் தூக்க வேண்டும். எந்தக் குழந்தையாவது வாய்தவறி "அம்மா" என்றுவிட்டால், "அக்கா சொல்லு, அக்கா" என்று உடனே திருத்தியாக வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது எல்லோரும் பாயில் வரிசையாக உட்கார்ந்து, போகிறவர்களுக்கு ஒரு டாட்டா, வருகிறவர்களுக்கு ஒரு கைதட்டல். அவ்வளவுதான்.

இது போதாதென்று ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தாள். பேர், கை நீட்டு. வாசலுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவராக இருந்தாலும் சரி, குழாய் ரிப்பேர்காரராக இருந்தாலும் சரி, அவர் ஒரு கையை நீட்ட வேண்டும். பெரியக்கா பேர் சொல்கிற குழந்தை எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று சுற்றிவர வேண்டும். பயப்படாமல் போனால் எல்லோரும் கைதட்டுவார்கள். குழாய்க்காரர் பாவம், வந்த வேலையை விட்டுவிட்டுப் பத்து ரவுண்டு சுற்றுவார். "நாளைக்கு யாரோ முன்பின் தெரியாதவங்கதானே இதுங்களைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. அன்னிக்குக் கதறக் கூடாது பாரு" என்பாள்.

குறை சொல்வதற்காக மற்றதை மறைக்கக் கூடாது. ஸ்பூனைச் சரியாகப் பிடிக்கவும், மூக்கைச் சிந்தவும், செருப்பை இடம் வலம் மாறாமல் போடவும், மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் சொல்லவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொருவர் துண்டு மாட்டும் கொக்கிக்கு மேலேயும் ஒரு படம் ஒட்டியிருப்பாள். குடைப் படத்துக்காரன் மீன் படத்துத் துண்டைத் தொட்டால் மீன் படத்துக்காரி கோர்ட்டுக்கே போய்விடுவாள். அத்தனை பேரும் ஒரே அலமாரியில் இருந்து எடுத்த சட்டையைப் போட்டாலும், அந்தக் கொக்கி மட்டும் சொந்தம்.

ஒரு வருஷத்துக்குள் நடை அறை அடங்கிவிட்டது. அடங்கியது என்றால், நான் தாளிக்கிற சத்தம் எதிர் அறைக்குக் கேட்கிற அளவுக்கு. மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்ற இல்லங்களில் இருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவார். "எங்க அழாத அறை" என்பார். வந்தவர்கள் கையை நீட்டுவார்கள். ஏதாவது ஒரு குழந்தை எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ளும். வந்தவர்களுக்குக் கண் கலங்கிவிடும். பெரியக்கா ஓரமாக நின்று ஏப்ரன் நுனியைத் திருகிக்கொண்டிருப்பாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளை அப்படிப் புகழ்ந்ததில்லை.

பட்டன் அந்த அறைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். பஸ் நிலையத்து பெஞ்சில் போர்வையில் சுற்றிக் கிடந்த குழந்தை. யார் தூக்கினாலும் அவர்கள் சட்டைப் பட்டனைப் பிடித்துத் திருகும், அதனால் பட்டன். கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருக்கும். கை நீட்டு விளையாட்டில் அவள்தான் கெட்டிக்காரி. பெரியக்கா பேர் சொல்வதற்குள் எழுந்துவிடுவாள். மிரளவே மாட்டாள். ராத்திரி தூங்கும்போது மட்டும் தன்னைத்தானே இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொள்வாள். நடை அறையில் நிறைய பேர் அப்படித்தான் தூங்கினார்கள். தாலாட்டுச் செலவு மிச்சம் என்று நான் கிண்டல் செய்வேன்.

அவளுக்கு இரண்டு வயது தாண்டியபோது ஒரு தச்சரும் அவர் மனைவியும் வந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. தச்சர் பேசவே மாட்டார். மனைவிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். அந்த அம்மா பயந்து பயந்து கையை நீட்டினார். பட்டன் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். மடியில் ஏறி உட்கார்ந்து அவர் ரவிக்கைப் பட்டனைத் திருகினாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா, முதல் நாளே எங்கிட்ட வந்துட்டா" என்று அந்த அம்மா தேம்பினார். "எனக்காகவே காத்துட்டு இருந்திருக்கா."

பெரியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சட்டப்படி தத்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்றைக்குப் பாயில் இருந்த அத்தனை பேரும் டாட்டா காட்டினார்கள். பட்டனும் தச்சரின் தோளில் இருந்து டாட்டா காட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "பாத்தியா?" என்று பெரியக்கா என் பக்கம் திரும்பிக் கண்ணால் கேட்டாள். நானும் தலையை ஆட்டினேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் தச்சரும் மனைவியும் மறுபடி வந்தார்கள். பட்டன் கையில் ஒரு பை. அதில் அவளுடைய துணி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியோடு வெளியே போனேன். குழந்தை என்ன கடையில் வாங்கின செருப்பா, அளவு சேரவில்லையென்று திருப்பிக் கொடுக்க? மேடத்தின் அறை வாசலில் நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனவள், உள்ளே அந்த அம்மா பேசுவதைக் கேட்டு, எனக்கு முன்பே அங்கே வந்திருந்த பெரியக்காவின் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

"சந்தையில யாரோ ஒருத்தர் கையை நீட்டியிருக்காரு. அவர் கூடவே போயிட்டா. அந்த மனுஷன் நல்லவரா இருக்கப்போய் போலீஸ்ல கொண்டுபோய் விட்டாரு. நாங்க தேடாத இடமில்ல. போய்ப் பாத்தா போலீஸ்காரர் மடியில உக்காந்து அவர் சட்டைப் பட்டனைத் திருகிட்டு இருக்கா. எங்களைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சா, அவ்வளவுதான்." அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுகூடப் பரவாயில்லம்மா. நான் வயித்து ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில கிடந்தேன். எங்க அண்ணி வீட்டுல இவளை விட்டிருந்தோம். திரும்பி வந்து ஓடிப்போய்த் தூக்கினேன். அவ என்னைப் புது ஆளைப் பாக்கிற மாதிரி பாத்தா. அண்ணிக்கு டாட்டா காட்டினா. என்னைப் பாத்துக் கை தட்டினா. இன்னி வரைக்கும் என்னை அக்கான்னுதான் கூப்பிடுறா. இவளுக்கு நானும் ஒண்ணுதான், வாசல்ல வர்றவங்களும் ஒண்ணுதான். என்னால முடியலம்மா. என் உடம்பும் சரியில்ல, மனசும் சரியில்ல."

மேடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். காலம் ஆகும் என்றார். நாங்களும் வந்து உதவுகிறோம் என்றார். அந்த அம்மா பிடிகொடுக்கவில்லை. தச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். பட்டன் பெரியக்காவைப் பார்த்ததும் நேராக வந்து அவள் கையைப் பிடித்தாள். பிறகு திரும்பித் தச்சருக்கு டாட்டா காட்டினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்தக் கையை அப்படி ஆட்டக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியக்கா என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். டீ ஆறிப்போய் ஆடை படிந்தது.

"அவ கைதட்டினான்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல? அது எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவங்களை அடுத்த ஷிஃப்ட்டுன்னு நினைச்சிருக்கா."

நான் அடுப்பைக் குறைத்துவைத்தேன்.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேரை இப்படி அனுப்பியிருக்கேன் தங்கச்சி? அதுங்க எல்லாம் எப்படி இருக்கோ. யார் கையைப் பிடிச்சிட்டு எங்க போச்சோ. நான் அழுகையைத்தான் எடுத்தேன்னு நினைச்சேன். கூடவே என்னத்தையோ சேத்துப் புடுங்கிட்டேன்."

அதற்குமேல் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. மேடத்திடம் போய், பட்டனை இனிமேல் தான் ஒருத்தியே பார்த்துக்கொள்வதாக ஒற்றைக்காலில் நின்றாள். மேடம் படித்தவர், இந்த மாதிரி விஷயத்தில் பயிற்சி உள்ளவர். தன் மீதும் அவருக்குக் கோபம் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேரைக் கூட்டிவந்து காட்டியவர். "சரி. ஆனா ஒண்ணு. அவளுக்கு ஒருத்தர்கிட்ட ஒட்டத் தெரியணும், அதுக்குத்தான் நீங்க. அவ நாளைக்கு வேற வீட்டுக்குப் போகணும். அதை மறந்துடாதீங்க" என்றார். பெரியக்கா மறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். கை நீட்டு விளையாட்டும் அன்றோடு நின்றது. குழாய்க்காரருக்குத்தான் என்னவோ போலிருந்தது.

அதன் பிறகு பட்டனைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பெரியக்காதான். காலையில் வருவாள். மத்தியானம் குழந்தை தூங்கி எழுந்ததும், முகத்துக்கு நேரே குனிந்து, "நான் வீட்டுக்குப் போறேன். சாயந்திரம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். சொல்லாமல் நழுவுவது கிடையாது. சொன்னபடி சாயங்காலம் வந்து நிற்பாள். ஒரு நாள் அடைமழை, பஸ் ஓடவில்லை. தெப்பலாக நனைந்து நடந்தே வந்தாள். தம்பி பொண்டாட்டி பின்னாடியே போன் போட்டு, "எங்க அண்ணிக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று என்னைக் கேட்டாள். காய்ச்சல் வந்தால்கூட இருமிக்கொண்டே வருவாள், வந்து வாசலில் இருந்தபடி முகத்தைக் காட்டிவிட்டாவது போவாள்.

பட்டனுக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. இவள் போனால் டாட்டா. வந்தால் கைதட்டல். வேறு யார் தூக்கினாலும் அதே சிரிப்பு. எனக்கே பொறுக்காமல், "கல்லுல நார் உரிக்கிற வேலை அக்கா இது" என்று சொல்லிவிட்டேன். பெரியக்கா என்னை முறைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னிடம் டீ குடிக்கவில்லை.

பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள். விழுந்தால் எழுந்து பேசாமல் போகிறவள், விழுந்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தாள். பெரியக்கா அங்கே இருந்தால் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். கேஸ்காரர் பழைய பழக்கத்தில் கையை நீட்டியபோது பெரியக்காவின் ஏப்ரனுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பெரியக்காவோ ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம், "சாயந்திரம் வருவேன்" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைத் தாண்டியதும் உள்ளே ஒரு வீறல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டன் தரையில் புரண்டு கதறிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே பெரியக்கா சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"கொழந்தையை அழவச்சிட்டுச் சிரிக்கிறியா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று ஜன்னலில் இருந்து திட்டினேன். எனக்கும் கண் நிறைந்துபோயிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது பட்டன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா" என்றாள். அறையில் இருந்த மற்ற பெண்கள் பெரியக்காவையே பார்த்தார்கள், அவள்தானே விதி போட்டவள். பெரியக்கா திருத்தவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு குளிப்பாட்டப் போனாள்.

அதுதான் இரண்டாவது தப்பு. நான் அப்போது அதைத் தப்பென்று நினைக்கவில்லை. மேடம் நினைத்தார். "வேற யாருக்கோ வரவேண்டிய பேரை நீங்க வாங்கி வச்சிட்டு இருக்கீங்க பெரியக்கா" என்றார். "அவங்க வர்றப்ப திருப்பிக் குடுத்துடுறேன் மேடம்" என்றாள் இவள். ஏதோ இரவல் வாங்கிய பாத்திரம் மாதிரி.

குழந்தையைத் தானே தத்து எடுக்கவும் கேட்டுப் பார்த்தாள். வயது கூடுதல், தனிக்கட்டை, தம்பி வீட்டுப் பின்கட்டில் குடியிருப்பு. அதிகாரிகள் இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்தச் செய்தியோடு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, "நான் கேட்டதே அதிகப்பிரசங்கித்தனம்" என்றாள். இல்லக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அதையே சாக்காக வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பட்டனுக்கு மூன்று வயது தாண்டியபோது இன்னொரு தம்பதி வந்தார்கள். தூரத்து நகரம், இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். பட்டன் அவர்களிடம் போகவில்லை. பெரியக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த டீச்சர் சிரித்துவிட்டு, "அவ நல்லா பாத்துட்டு மெதுவா வரட்டும்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. லீவு கிடைத்தபோதெல்லாம் வந்தார்கள். பட்டன் முதலில் ஒரு விரலைக் கொடுத்தாள், பிறகு கையை. ஆனால் பெரியக்கா கண்பார்வையில் இருந்தால்தான்.

மேடம் பெரியக்காவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். "இப்பவே ஆரம்பிங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா சொல்லுங்க. நீ அவங்க வீட்டுக்குப் போகப்போற, அவங்கதான் அம்மா, அப்பா. நான் இங்கேயே இருப்பேன், அங்க வரமாட்டேன். அவ அழுவா. அழட்டும். நீங்க பக்கத்துல இருக்கிறப்பவே அழுது முடிக்கட்டும். இதை நீங்கதான் சொல்லணும், நீங்க சொன்னாதான் நம்புவா."

பெரியக்கா சரி என்று தலையை ஆட்டினாள். முதல் பாதியைச் சொன்னாள். புது வீட்டு ஃபோட்டோவைக் காட்டினாள், மெத்தையைக் காட்டினாள், மாடிப்படியைக் காட்டி எண்ணக் கற்றுக்கொடுத்தாள். வரமாட்டேன் என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை. "சொல்லிட்டியாக்கா?" என்று கேட்பேன். "நாளைக்குச் சொல்றேன்" என்பாள். மறுநாள் கேட்டால் குழந்தைக்குச் சளி என்பாள். அதற்கு மறுநாள், இன்னிக்கு நல்லா சிரிச்சிட்டு இருக்கா, எதுக்குக் கெடுக்கணும் என்பாள். மேடம் கேட்டபோது, "சொல்லிட்டேன்" என்று மென்று முழுங்கினாள். அழுகையைப் பார்க்க முடியாத பழைய பெரியக்கா எங்கேயும் போய்விடவில்லை.

கிளம்புகிற நாளும் வந்தது. காரில் ஏற்றியதும் பட்டன் இறங்கப் பார்த்தாள். பெரியக்காவின் கழுத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. டீச்சர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். ஒவ்வொரு விரலாகப் பெரியக்காதான் பிரித்தாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. அழுகைக்கும் விக்கலுக்கும் நடுவில் பட்டன், தான் இத்தனை நாள் கேட்டுப் பழகிய வார்த்தையையே கேட்டாள்.

"சாயந்திரம் வருவ இல்ல?"

மேடம் பெரியக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வருவேன்" என்றாள் பெரியக்கா.

அவ்வளவுதான். குழந்தையின் அழுகை அப்படியே அடங்கிவிட்டது. இவள் சொன்னால் வருவாள் என்று அவளுக்குத் தெரியும், மழையில்கூட வந்தவள். சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டாள். கார் போனது. மேடம் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பெரியக்கா என்னைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். நான் மேடத்துக்கு டீ கொண்டுபோயிருந்தேன், பெரியக்காவையும் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். மேடம் போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லா சாப்பிடுறா. பகல்ல எங்ககூட நல்லா விளையாடுறா" என்றார் டீச்சர். குரல் களைத்துப்போயிருந்தது. "ஆனா சாயந்திரம் ஆச்சுன்னா செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் உக்காந்துடுறா. தினமும். இருட்டுற வரைக்கும் உள்ள வரமாட்டேங்குறா. நான் தூக்கப்போனா, 'வேணாம், அம்மா வருவாங்க'ன்னு சொல்றா. நான் என்ன சொல்லட்டும் பெரியக்கா? இப்பவும் அங்கதான் உக்காந்திருக்கா."

மேடம் பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பெரியக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானாக இருந்தால் போனை வைத்துவிட்டு ஓடியிருப்பேன்.

"அவகிட்ட குடுங்கம்மா" என்றாள்.

அந்தப் பக்கம் நடக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். பிறகு, போனுக்கு மிக அருகில் ஒரு மூச்சு.

"அம்மா. சாயந்திரம் ஆச்சு."

"ஆமாண்டா கண்ணு." பெரியக்காவின் குரல் உடையவில்லை. எப்படித்தான் அதைப் பிடித்து வைத்திருந்தாளோ. "நான் சொல்றதைக் கேளு. நான் பெரியக்கா. நான் வருவேன்னு சொன்னேன் இல்ல, அது பொய். நான் வரமாட்டேன். இன்னிக்கும் வரமாட்டேன், நாளைக்கும் வரமாட்டேன். உன் பக்கத்துல இருக்காங்க பாரு, அவங்கதான் அம்மா. அவங்க எங்க போனாலும் வந்துடுவாங்க. நீ அவங்ககிட்ட போ."

பிறகு அழுகை வந்தது. அடிவயிற்றில் இருந்து வந்த அழுகை. பெரியக்கா நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அழுகை போன் அருகில் இருந்து மெல்ல விலகியது, பிறகு எதன்மேலோ முகத்தை அழுத்திக்கொண்டதுபோல மங்கிப்போயிற்று. டீச்சர் ஏதோ முணுமுணுப்பது மட்டும் கேட்டது.

"தூக்கிட்டாங்க" என்றாள் பெரியக்கா.